கிணற்றுத் தண்ணீர், இரண்டடித் தொட்டி, செடிகள்: எந்த லைற் வாங்குவது?

தங்கச்சி, உங்கள் கேள்வியைச் சுருக்கி முதலில் வைக்கிறேன். கோண்டாவிலில் வீடு, கிணற்றுத் தண்ணீர். இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரமான தொட்டி. அதில் எட்டுப் பத்துக் கப்பி மீன்கள். தொட்டியோடு வந்த மூடியில் வெள்ளையும் நீலமுமாக ஒரு சின்ன எல்.ஈ.டி. பட்டை. வாங்கி நட்ட செடிகளில் பாதி மூன்று கிழமைக்குள் கரைந்து போய்விட்டன. கண்ணாடியில் பாசி. கடையில் 30 வாற் ‘செடி லைற்’ ஒன்றைக் காட்டி, "இது போட்டாத்தான் பிள்ளை செடி நிக்கும்" என்கிறார்கள். வாங்கலாமா?

இப்போதைக்கு வேண்டாம். அந்த லைற் கூடாத சாமான் என்று நான் சொல்லவில்லை. உங்கள் தொட்டியில் வெளிச்சம் குறைவு என்பதும் உண்மைதான். ஆனால் செடி கரைந்ததற்கு அது காரணமில்லை. 30 வாற்றைக் கொண்டுவந்து மேலே பூட்டினால், செடி நிமிர முதலே பாசி நிமிர்ந்துவிடும்.

நீங்கள் சொன்ன அடையாளத்தைப் பார்த்தால், கரைந்த செடிகள் கிரிப்டோகொரைன் வகை போலத் தெரிகிறது: மண்ணிறம் கலந்த பச்சை, ஓரம் நெளிந்த நீட்டு இலை. அதில் வென்டி, பெக்கெட்டி, வாக்கரி, பார்வா என்ற இனங்கள் எல்லாம் எங்கள் தீவுக்கே உரிய செடிகள். யாழ்ப்பாணத்தில் இல்லை, தெற்கே ஈரவலயத்து ஓடைகளிலும் ஆற்றோரங்களிலும் மர நிழலில் முளைப்பவை. உலகம் முழுக்க மீன் தொட்டிக்காரர் காசு கொடுத்து வாங்கும் இந்தச் செடி எங்கள் நாட்டில் இருந்து ஏற்றுமதியாகிறது. நாங்கள் அதைக் கொழும்பில் இருந்து வரும் பொலித்தீன் பையில் பார்த்து ‘வெளிநாட்டுச் செடி’ என்று நினைக்கிறோம். பண்ணைகளில் இதைப் பெரும்பாலும் ஈர மண்ணில், இலை காற்றில் நிற்க வளர்ப்பார்கள். அப்படி வளர்ந்த இலை தண்ணீருக்குள் போனதும் கரையும். தண்ணீர் மாறினாலும் கரையும். வேர் உயிரோடுதான் இருக்கும். பிடுங்கி எறியாமல் விட்டிருந்தால் மூன்று நாலு கிழமையில், தண்ணீருக்குப் பழகின புது இலை தானாக வரும். நிழலில் பிறந்த அந்தச் செடிக்கு 30 வாற் தேவையே இல்லை.

யாழ்ப்பாணத்தில் மீன் தொட்டி லைற்றைப் பற்றிக் கதைப்பதென்றால் கிணற்றில் இருந்துதான் தொடங்கவேண்டும். எங்கள் குடாநாடு முழுக்கச் சுண்ணாம்புக் கல்லின் மேல் இருக்கிறது. மழைத் தண்ணீர் அந்தக் கல்லைக் கரைத்துக்கொண்டு இறங்கி, கிணற்றுக்கு வரும்போது கல்சியமும் இருகாபனேற்றும் நிறைந்த வன்னீராக வருகிறது. உங்கள் வீட்டுக் கேத்திலின் அடியைப் பாருங்கள், அந்த வெள்ளைப் படிவுதான் சாட்சி. தோட்டக் காணிகளுக்குப் பக்கத்துக் கிணறென்றால் உரத்தில் இருந்து நைத்திரேற்றும் சேர்ந்தே வரும்.

இதற்கும் வெளிச்சத்துக்கும் என்ன சம்பந்தம்? ஒளித்தொகுப்புக்கு வெளிச்சத்தோடு காபனீரொட்சைட்டும் வேண்டும். சும்மா நிற்கும் தொட்டித் தண்ணீரில் அது லீற்றருக்கு ஒன்றிரண்டு மில்லிகிராம் அளவில்தான் நிற்கும். காபனீரொட்சைட்டு சிலிண்டர் பூட்டிக் குமிழி விடுகிறவர்கள் 30 மில்லிகிராம் அளவுக்குக் கொண்டுவரப் பார்ப்பார்கள். அந்த ஒன்றிரண்டு மில்லிகிராமை வைத்துக்கொண்டு மேலே லைற்றை மட்டும் கூட்டுவது, உலையில் ஒரு பிடி அரிசியைப் போட்டுவிட்டு அடுப்பில் விறகை அடுக்குவது மாதிரி. சோறு அதிகமாகாது. மிஞ்சின வெளிச்சத்தைப் பாசி எடுத்துக்கொள்ளும். பாசிக்குக் கொஞ்சம் போதும், எங்கள் தண்ணீரில் அதற்கு நைத்திரேற்றும் இலவசம்.

ஒரு விதிவிலக்கு இருக்கிறது, அது எங்களுக்குச் சாதகமானது. ஐதரில்லா, வலிஸ்னேரியா, செரட்டோஃபில்லம் மூன்றும் தண்ணீரில் இருக்கும் இருகாபனேற்றில் இருந்தே காபனை எடுக்கக்கூடியவை. மற்றவர்கள் குறை சொல்லும் எங்கள் கிணற்றுத் தண்ணீர் இவற்றுக்கு விருந்து. முதல் தொட்டியில் இந்த மூன்றில் ஒன்றாவது இல்லாமல் இருக்கக்கூடாது என்பேன்.

இனி லைற்றுக்கு வருவோம். கலன் ஒன்றுக்கு இத்தனை வாற் என்று ஒரு பழைய கணக்கு இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது. அது ரியூப் லைற் காலத்துக் கணக்கு. வாற் என்பது லைற் தின்னும் மின்சாரம். தரும் வெளிச்சம் இல்லை. வெளிச்சத்தின் அளவு லூமன்; பெட்டியில் அது எத்தனை என்று பாருங்கள். உங்கள் தொட்டி கணக்குக்கு 56 லீற்றர். மணல், கல், மேலே விடும் இடைவெளி போக 45 லீற்றர் என்று வையுங்கள். குமிழி விடாத, சாந்தமான செடிகள் உள்ள தொட்டிக்கு லீற்றருக்கு 15 முதல் 20 லூமன் போதும். அதாவது 700 முதல் 900 லூமன். வீட்டுக்குப் போடும் சாதாரண 9 வாற் எல்.ஈ.டி. பல்ப் ஒன்றே 800 தொடக்கம் 900 லூமன் தருகிறது. அந்த 30 வாற் லைற் ஏறக்குறைய 2500 முதல் 3000 லூமன் தரும். 45 லீற்றருக்கு அது சிலிண்டர் வைத்திருக்கிறவர்களின் வெளிச்சம்.

ஆகவே நான் சொல்லுவது, ‘மீன் தொட்டிக்கு’ என்று எழுதாத ஒரு சாமான்: எலெக்ட்ரிக் கடையில் கிடைக்கும் இரண்டடி எல்.ஈ.டி. ரியூப், 9 அல்லது 10 வாற், நிறவெப்பநிலை 6500 கெல்வின். பெட்டியில் ‘டேலைற்’ என்று போட்டிருப்பார்கள். ரியூப் வேண்டாமென்றால் கழுத்து வளைகிற மேசை விளக்கில் அதே 9 வாற் பல்ப். அதில் நடு வெளிச்சமாகவும் மூலைகள் மங்கலாகவும் இருக்கும். அது குறையில்லை, நடுவில் வலிஸ்னேரியாவையும் மூலையில் கிரிப்டோகொரைனையும் வைத்தால் இரண்டுக்கும் வசதி.

நிறம் பற்றிக் கனக்கக் கதை உண்டு. பச்சையம் சிவப்பையும் நீலத்தையும்தான் கூட உறிஞ்சும் என்பது பள்ளிக்கூடத்திலேயே படித்தது. அதை வைத்து ஊதா நிற லைற் விற்கிறார்கள். செடி அதில் வளரும், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் மீன் ஊதா, செடி கறுப்பு, வீட்டுக்கு வருகிறவர்கள் "என்ன இது, கலியாண மண்டபமோ?" என்று கேட்பார்கள். வெள்ளை எல்.ஈ.டி. என்பது நீல ஒளி தரும் சில்லின் மேல் மஞ்சள் பொசுபர் பூசினது. நீலம், பச்சை, சிவப்பு எல்லாம் அதற்குள்ளே இருக்கிறது. இலை பச்சை ஒளியையும் பயன்படுத்தும். 3000 கெல்வின் மஞ்சள் பல்ப்பிலும் செடி வளரும், தண்ணீர்தான் தேத்தண்ணி மாதிரித் தெரியும். உங்கள் மூடியில் இருக்கும் நீலம் செடிக்காக வைத்ததில்லை. பவளப்பாறைத் தொட்டிகளின் நாகரிகம் அது. இரவில் வடிவாக இருக்கும், அவ்வளவுதான்.

கண்ணை நம்பவேண்டாம். ஓரிடத்தில் விழும் வெளிச்சத்தை லக்ஸில் அளப்பார்கள். வெளியே மத்தியான வெயில் ஏறக்குறைய ஒரு லட்சம் லக்ஸ். நல்ல வெளிச்சம் என்று நாங்கள் நினைக்கிற இருப்பறை இருநூறு முந்நூறு லக்ஸ்தான். நூற்றுக்கணக்கான மடங்கு வித்தியாசத்தைக் கண் ஒரு பொருட்டாகவே எடுப்பதில்லை. போனில் லக்ஸ் அளக்கும் செயலி ஒன்றைப் போட்டு, தண்ணீர் விட முதல் வெறும் தொட்டியின் அடியில் போனை வைத்து, லைற்றை மேலே பிடித்துப் பாருங்கள். வெள்ளை எல்.ஈ.டி.க்கு லக்ஸை 70ஆல் பிரித்தால், செடிக்காரர் ‘பார்’ என்று சொல்லும், செடிக்குப் பயன்படும் ஒளியின் அளவு கிட்டத்தட்ட வரும். அடியில் 2000 லக்ஸ் காட்டினால் ஏறக்குறைய 28. கிரிப்டோகொரைனுக்கும் ஜாவா பேணுக்கும் அது தாராளம். போனுக்குப் போன் வாசிப்பு மாறும் என்பதால் இதைத் தராசாக எடுக்காமல் கைமதிப்பாக எடுங்கள்.

எனக்குப் பிடித்த அளவுகோல் வேறு. சாதாரணதரத்துக்கு விஞ்ஞானம் படித்த எல்லாருக்கும் தெரியும்: முகவையில் ஐதரில்லா, மேலே கவிழ்த்த புனல், அதன் மேல் தண்ணீர் நிரப்பின சோதனைக் குழாய், வெயிலில் வைத்தால் ஒட்சிசன் குமிழி. பரீட்சைக்குப் படம் கீறின பிறகு யாரும் அதை நினைப்பதில்லை. உங்கள் லைற் போதுமா என்று சொல்ல அதைவிட நல்ல கருவி இல்லை. ஒரு சாண் நீளத்தில் புதிய ஐதரில்லாத் தண்டொன்றை வெட்டி, வெட்டுவாய் மேலே இருக்கும்படி சின்னக் கல்லில் கட்டித் தொட்டியின் அடியில் விடுங்கள். கால் மணித்தியாலம் பொறுத்து, வெட்டுவாயில் இருந்து நிமிடத்துக்கு எத்தனை குமிழி வருகிறது என்று எண்ணுங்கள். பிறகு லைற்றை நாலு அங்குலம் இறக்கிவிட்டு, இன்னுமொரு கால் மணித்தியாலம் பொறுத்து எண்ணுங்கள். குமிழி கூடினால், செடி வெளிச்சத்துக்குத்தான் காத்திருந்தது. இறக்கியும் கூடவில்லையென்றால் செடிக்குப் போதுமானது கிடைத்துவிட்டது. அதற்கு மேல் நீங்கள் கொடுப்பது பாசிக்கு. தண்ணீர் மாற்றின அன்று இதைச் செய்யவேண்டாம். புதுத் தண்ணீரில் கரைந்திருந்த காற்றே எல்லா இலையிலும் முத்து முத்தாக ஒட்டி உங்களை ஏமாற்றும். இன்னொன்று, ஐதரில்லா இருகாபனேற்றை எடுக்கிற செடி. அதற்குப் போதவில்லை என்ற வெளிச்சம் ஜாவா பேணுக்கும் கிரிப்டோகொரைனுக்கும் ஏற்கெனவே போதுமானதாக இருக்கும். அதனால் குமிழி கூடுகிறதே என்று ஒரேயடியாக இறக்கிக்கொண்டு போகாமல் கொஞ்சம் முன்னதாகவே நிறுத்துங்கள்.

இதற்காகத்தான் லைற்றை மூடிக்குள் அசையாமல் பூட்டவேண்டாம் என்கிறேன். இரண்டு மரச் சட்டமும் ஒரு குறுக்குத் தடியும் அடித்து, சங்கிலியில் தொங்கவிட்டால் ஏற்றலாம், இறக்கலாம். ஒற்றைப் பல்ப் என்றால் தூரம் இரட்டிக்க வெளிச்சம் கால்வாசியாகும். ரியூப்பில் அவ்வளவு கெதியாகக் குறையாது. மங்கலாக்கும் வசதியுள்ள லைற் கையில் வந்தால் சங்கிலி வேண்டாம்.

"யன்னலோரம் வைத்தால் லைற்றே தேவையில்லைத்தானே?" என்று அடுத்ததாகக் கேட்பீர்கள். நான் தொடங்கினதே அப்படித்தான். 1990இல் போரால் கரண்ட் போன பிறகு எங்கள் வீட்டில் இரவுக்கு ஜாம் போத்தல் விளக்கு, அதற்கும் மண்ணெண்ணெய் எண்ணி எண்ணித்தான். மீன் வளர்ப்புக்கு ஒரு ஹோர்லிக்ஸ் போத்தல், குளத்தில் பிடுங்கின ஐதரில்லா, ஒரு சோடி கப்பி. கிழக்கு யன்னலில் காலை வெயில் இரண்டு மணித்தியாலம் விழும், பிறகு முற்றத்து மாமர நிழல். அந்தப் போத்தல் வருஷக்கணக்காக நின்றது. அம்மம்மா தேசிக்காய் ஊறுகாய்க்குப் போத்தல் கேட்ட அன்றுதான் அது முடிந்தது.

ஆனால் அதே யுக்தியை 45 லீற்றரில் செய்து நான் இரண்டு தரம் கையைச் சுட்டிருக்கிறேன். சூரியன் ஒரே இடத்தில் நிற்பதில்லை. எங்களுக்குச் சித்திரை நடுவில் உச்சிக்கு நேரே வந்து, வடக்கே போய், ஆவணிக் கடைசியில், நல்லூர்த் திருவிழாவை ஒட்டி, திரும்ப உச்சிக்கு வரும். பிறகு தெற்கே சரியும். ஆனியில் ஒரு கீற்று வெயிலும் விழாத தெற்கு யன்னலில் மார்கழி, தையில் வெயில் மேசை வரை வரும். ஆனியில் இடம் பார்த்து வைத்த தொட்டி தையில் பச்சைப் பாயாசமாகிவிட்டது. வெயில் வெளிச்சத்தோடு சூட்டையும் கொண்டுவரும். சித்திரை, வைகாசியில் தண்ணீர் ஏற்கெனவே 30 பாகையைத் தொட்டுக்கொண்டு நிற்கும், சுடு தண்ணீரில் ஒட்சிசன் குறைவாகவே கரையும். ஆகவே யன்னலைப் பார்க்காத சுவரோரம் வைத்து, வெளிச்சத்தை உங்கள் கையில் வைத்திருங்கள்.

நேரம். நாளுக்கு 6 மணித்தியாலத்தில் தொடங்குங்கள். ஒரு மாதம் பாசி அடங்கி நின்றால் 7, பிறகு 8. அதற்கு மேல் வேண்டாம். லைற் மங்கலாக இருக்கிறது, 12 மணித்தியாலம் விட்டால் ஈடுகட்டலாம் என்று சிலர் நினைக்கிறார்கள், ஈடாகாது. நீங்கள் வேலையால் வந்து பார்க்கிற நேரமாக, பின்னேரம் 3 முதல் 9 வரை வைத்தால் உங்களுக்கும் பிரயோசனம்.

கையால் போட்டு நிறுத்தவேண்டாம், ரைமர் வாங்குங்கள். லைற்றைவிட ரைமருக்குத்தான் முதலில் காசு ஒதுக்கவேண்டும் என்பது என் கட்சி. அதிலும் பல்லுச் சக்கரம் சுற்றும் மலிவு ரைமர் வேண்டாம். கரண்ட் போனால் அதன் மணிக்கூடும் நின்றுவிடும், வந்தபிறகு விட்ட இடத்தில் இருந்து ஓடும். 2022 பங்குனிக் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் வெட்டினார்களே, அப்போது என் ரைமர் நாள்தோறும் பிந்திப் பிந்தி, கடைசியில் சாமம் இரண்டு மணிக்கு லைற்றைப் போட்டது. உள்ளே பற்றரி உள்ள டிஜிற்றல் ரைமர் நேரத்தைக் காப்பாற்றும். அந்த நாட்களில் இன்னொன்றும் பார்த்தேன்: இருட்டில் செடிகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. மீன்கள்தான் மேலே வந்து வாயைத் திறந்தன. இருட்டில் செடியும் ஒட்சிசனை எடுக்கிற பக்கம் சேர்ந்துவிடும். கரண்ட் வெட்டென்றால் செடியை விட்டுவிட்டு, பற்றரியில் ஓடும் காற்றுப் பம்புக்கு வழி பாருங்கள்.

நீங்கள் கேட்காதது, ஆனால் சொல்லாமல் விடமுடியாதது: தண்ணீருக்கு மேலே 230 வோல்ற் தொங்குகிறது. வயர் பிளக்குக்கு வரமுதல் ஒரு தொய்வு விட்டுக் கீழே இறங்கி ஏறவேண்டும். அப்போதுதான் வயரில் வழியும் தண்ணீர் தொய்வில் சொட்டும், பிளக்குக்குள் போகாது. வீட்டு ட்ரிப் சுவிச்சின் சோதனைப் பொத்தானை ஒருக்கால் அழுத்திப் பாருங்கள், விழவேண்டும். தொட்டிக்குள் கை வைக்க முதல் லைற்றின் பிளக்கைக் கழற்றுங்கள். 12 வோல்ற் அடப்ரரில் எரியும் லைற் என்றால் பயம் குறைவு; அடப்ரர் மட்டும் தொட்டியை விட்டுத் தள்ளியிருக்கட்டும்.

லைற்றுக்கும் தண்ணீருக்கும் நடுவே கண்ணாடி மூடி போடுங்கள். அதிலும் எங்கள் கிணறு தன் வேலையைக் காட்டும்: தெறித்த தண்ணீர் காய்ந்து காய்ந்து வெள்ளைப் படலம் பிடிக்கும், ஒரு மாதத்தில் வெளிச்சத்தில் நல்ல பங்கை அதுவே தின்றுவிடும். "லைற் பழுதாகுது போல" என்று என்னிடம் வந்த ஒருவரின் மூடியைப் பாதித் தேசிக்காயால் தேய்த்துக் கழுவிக் கொடுத்தேன், லைற் ‘திருந்திவிட்டது’. மூடியை வெளியே எடுத்துத்தான் கழுவவேண்டும், புளி தொட்டிக்குள் போகக்கூடாது.

எல்லாம் செய்தபிறகு செடியைப் பாருங்கள். தண்டு நீண்டு, கணுவுக்குக் கணு இடைவெளி கூடி, மேலே மேலே எட்டிப் பிடித்தால் வெளிச்சம் போதாது. அனுபியஸ் மாதிரி மெதுவாக வளரும் இலையில் பச்சைப் புள்ளி பிடித்தால் கூடிவிட்டது. புது இலை மஞ்சளாக வந்தால் லைற்றைத் தொடவேண்டாம். காரத் தன்மையுள்ள எங்கள் தண்ணீரில் இரும்பு செடிக்கு எட்டுவதில்லை, வேரடியில் புதைக்கும் உரக்குளிசை ஒன்று அதற்கு மருந்து. புதுத் தொட்டியில் முதல் மாதம் வரும் மண்ணிறத் தூசி தானாகப் போகும். எதை மாற்றினாலும் இரண்டு மூன்று கிழமை பொறுங்கள். நேற்று மாற்றி இன்று பார்ப்பவர்கள்தான் நாலு லைற் வாங்குகிறார்கள்.

புல்வெளி மாதிரித் தரையை மூடும் செடி வேண்டும், சிவப்புச் செடி வேண்டும் என்று ஆசை வந்தால் அந்த 30 வாற்றைப் பற்றி அப்போது யோசிக்கலாம். அதோடு சிலிண்டரும், மாரியில் பிடித்த மழைத் தண்ணீரைக் கலந்து வன்மையைக் குறைக்கும் வேலையும் சேர்ந்தே வரும். தரைக்கு ஒரு சின்னச் செடி மட்டும் போதும் என்றால் பார்வாவை நடுங்கள், கிரிப்டோகொரைன்களில் ஆகச் சின்னது அதுதான். மற்றவற்றைவிடக் கொஞ்சம் கூட வெளிச்சம் கேட்கும், ஆகவே லைற்றுக்கு நேர் கீழே வையுங்கள். வளர மாதக்கணக்காகும்.

ஐதரில்லாவுக்கு உங்கள் தண்ணீர் பிடித்துவிட்டால் கிழமைக்கு ஒருமுறை வெட்டவேண்டி வரும். வெட்டினதை வாழையடியில் போடுங்கள். தொட்டிச் செடி எதையும், முக்கியமாகச் சல்வீனியா மாதிரி மிதக்கிறவற்றை, ஆரியகுளத்திலோ புல்லுக்குளத்திலோ கொண்டுபோய்க் கொட்டவேண்டாம்.